தங்கபாய் மோர்ப்பந்தல்

தங்கபாய் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிற சமயத்தில்தான் ராக்கப்பனுக்கு அந்த யோசனை வந்தது. ராஜபாளையத்தில், கருகிப்போன தண்ணீர் மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார் அவர். மனைவி போனபிறகு சாப்பாடும் பொழுதும் பட்டறையிலேயே கழிந்தன. வீடு படுக்க மட்டும்தான். வருஷத் திதிக்குச் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடலாம் என்றார்கள். அவருக்கு அதில் மனசு ஒட்டவில்லை.

தங்கபாய்க்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். கல்யாணமாகி வந்த பின்னும் வெள்ளிக்கிழமையானால் பஸ் ஏறிப் போய் ஆண்டாளைப் பார்த்துவிட்டு வருவாள். ஒரு தடவை கோடையில் அப்படிப் போய்த் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் பழக்கடை போட்டிருந்த பெண் ஒரு செம்பு மோர் கொடுத்துத் தெளியவைத்து அனுப்பினாள். "அந்த எடத்துல வாய் நனைக்க ஒரு வாய் தண்ணி இல்லீங்க. யாராச்சும் ஒரு மோர்ப்பந்தல் போட்டா எம்புட்டுப் புண்ணியமாப் போகும்" என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். அப்போது ராக்கப்பன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகு, அவள் சொன்னவற்றில் அந்த ஒன்றுதான் அவர் செய்யக்கூடியதாக மிச்சம் இருந்தது.

கத்திரி வெயில் தொடங்கியதும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, அந்தப் பழக்கடையை ஒட்டியே தென்னங்கீற்றில் பந்தல் போட்டார். தங்கபாய் படம் போட்ட ஃபிளெக்ஸ் ஒன்றும் கட்டினார். கல்யாண வீட்டில் எடுத்த படம். கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டிருப்பாள். கீழே 'தங்கபாய் நினைவு நீர்மோர்ப் பந்தல்' என்று எழுதியிருந்தது.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மகள் மாரிச்செல்வியைச் சுந்தரபாண்டியத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் காலையிலேயே வந்து தயிரைக் கடைந்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டுப் பெருங்காயம் கரைத்துக் கொடுப்பாள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்ற விடமாட்டாள். மண்பானையைச் சுற்றி ஈரச்சாக்குக் கட்டி மணலில் பதித்து வைத்தார்கள். பட்டறையில் வேலை பார்க்கும் பாலகணேஷ் நின்று ஊற்றினான்.

கூட்டம் அவர் நினைத்ததற்கு மேல் வந்தது. டிரைவர்கள், கண்டக்டர்கள், கோயிலுக்கு வந்தவர்கள், மில் வேலைக்குப் போகிற பெண்கள், பூக்கட்டுகிறவர்கள். வன்னியம்பட்டியிலிருந்து கூடையில் வெள்ளரிப்பிஞ்சு கொண்டுவந்து பஸ் ஜன்னல்களில் விற்கும் இருளம்மாள் தினமும் வந்தாள். மோர் வாங்கிக் குடித்துவிட்டு நாலு பிஞ்சை எடுத்து மேஜைமேல் வைப்பாள். "வேண்டாம்மா, நீ யாவாரத்தப் பாரு" என்பார் ராக்கப்பன். "இருக்கட்டும் அண்ணாச்சி. நறுக்கி மோருல போடுங்க. இந்த அக்காவுக்கு என் பங்குக்கு" என்று ஃபிளெக்ஸைக் காட்டிச் சிரிப்பாள்.

உச்சி வெயில் ஏறுமுன்பே பானை காலியாகிவிடும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் பானைக்குள் எட்டிப்பார்த்துவிட்டு நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு திரும்பிப் போவதை ராக்கப்பனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. இன்னொன்றும் இருந்தது. குடித்தவர்கள் எல்லாரும் அந்தப் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். யாரோ அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட, பட்டறைக்கு வந்தவர்கள்கூட அதைப் பற்றியே பேசினார்கள். ஒரு வருஷமாக அவருக்குள்ளே அடைந்து கிடந்த துக்கம் அப்போதுதான் கொஞ்சம் இளகியது. பந்தல் இன்னும் பெரிதாக இருக்கவேண்டும், ஒருத்தரும் வெறும் வாயோடு போகக்கூடாது என்று நினைத்தார்.

பெரிய பிளாஸ்டிக் டிரம் வந்தது. லாரித் தண்ணீர் வந்தது. அதைக் குளிர்விக்க மண்பானை போதாது என்று பாலகணேஷ் ஐஸ் பார் வாங்கிவந்தான். சாக்கில் சுற்றி உமி தூவிய பெரிய பாளம். உடைத்து டிரம்மில் போட்டார்கள்.

மாரிச்செல்வி வந்து பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"அப்பா, இந்த ஐஸு எங்க வாங்குனது?"

"ஐஸ் டிப்போவுல. ஏன்?"

"இது மீன் வண்டிக்காரங்க போடுற ஐஸுப்பா. சாக்க மோந்து பாருங்க. குடிக்கதுல போடக்கூடாது. இந்தத் தண்ணியும் காய்ச்சாத தண்ணி."

"கழுவித்தான் போடுதோம்."

"எதுல கழுவுனீக? அதே தண்ணிலயா?"

"ஏட்டி, எம்புட்டுத் தண்ணியக் காய்ச்சச் சொல்லுத? கல்யாண வீட்டு அண்டாவுல காய்ச்சுனாலும் ஆறதுக்குள்ள பொழுது போயிரும். ஊர்ல அம்புட்டுக் கடையிலயும் இந்த ஐஸத்தான் போடுதான். சர்பத்துக்காரன் போடுதான், கரும்புச் சாறுக்காரன் போடுதான். ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல."

"ஏதாச்சும் ஆனாலும் யாரு வந்து சொல்லப்போறா அவன்கிட்ட? கொஞ்சமா ஊத்துனாலும் நல்லதா ஊத்துவோம்ப்பா. தீந்தா தீந்துட்டுப் போகுது."

பந்தலில் நான்கைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் மகள் அப்படிப் பேசியது அவருக்குச் சுருக்கென்றிருந்தது. "ஒங்க அம்மா இருந்தா இப்படிக் கணக்குப் பாக்க மாட்டா" என்றார். மாரிச்செல்வி கறிவேப்பிலையை ஆய்ந்து வைத்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டாள். அதன்பிறகு பந்தலுக்கு அவள் வரவில்லை.

ஐஸ் மோர் தொண்டையில் இறங்கும்போது ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். இருளம்மாள் ஒரு டம்ளருக்கு மேல் குடிக்காதவள், அன்றைக்கு இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினாள். "உசுரு வந்துச்சு அண்ணாச்சி" என்றாள். ராக்கப்பனும் குடித்தார். அவருக்குக் கடைசிவரை ஒன்றும் செய்யவில்லை.

ஒரு காலையில் பாலகணேஷ் போன் பண்ணினான். அவர் பட்டறையைத் திறந்துகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பந்தலுக்கு வராதீக. பத்துப் பதினஞ்சு பேரு நின்னு சத்தம் போடுதாக."

"ஏம்லே? என்னத்துக்கு?"

"மோரு குடிச்சவுகளுக்கெல்லாம் வயித்தால போகுதாம். ஆஸ்பத்திரில எடமில்லங்காக."

ராக்கப்பன் பட்டறையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டுப் பைக்கை எடுத்தார். பந்தலுக்குப் போகாமல் நேராக ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். கட்டில்கள் நிரம்பி, நடையில் பாய் விரித்துப் படுக்கவைத்திருந்தார்கள். ஜன்னல் கம்பிகளில் குளுக்கோஸ் பாட்டில்கள் கயிறு போட்டுக் கட்டித் தொங்கின. வாடை தாங்கமுடியவில்லை. வாசலருகே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த நர்ஸ், கைத்தாங்கலாகக் கூட்டிவரப்பட்ட ஒவ்வொருவரையும் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"தங்கபாய் மோரா?"

அவர்கள் தலையாட்டினார்கள். அடுத்தவரிடமும் அதே கேள்வி. "தங்கபாய் மோரா?" "ஆமாங்க."  காலரா, டைபாய்டு என்பதுபோல ராக்கப்பன் மனைவியின் பெயர் அங்கே ஒரு நோயின் பெயராகிக்கொண்டிருந்தது.

உள்ளே இன்னொரு நர்ஸ், நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்களிடம் உப்பும் சர்க்கரையும் கலந்த பொடிப் பாக்கெட்டுகளைக் கொடுத்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனார். "காய்ச்சி ஆறவச்ச தண்ணில கரைச்சுக் குடுங்க. வாந்தி எடுத்தாலும் நிறுத்தக்கூடாது. செத்த நேரம் விட்டுட்டு ஸ்பூன்ல கொஞ்சங்கொஞ்சமாக் குடுங்க. எம்புட்டு வெளிய போகுதோ அத விடக் கூட உள்ள போகணும். போக்கு நிக்கதுக்கு மாத்திரை கடையில கேட்டு வாங்கிப் போட்டுறாதீக."

ஒரு கண்டக்டர், தினமும் பந்தலுக்கு வந்தவர், படுத்தபடியே அவரை அடையாளம் கண்டுகொண்டார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"அண்ணாச்சி, நீங்க என்ன செய்வீக. நல்லதுக்குத்தான செஞ்சீக" என்றார்.

ஓங்கி ஒன்று அறைந்திருந்தால்கூட ராக்கப்பன் தாங்கியிருப்பார். அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்தார்.

பந்தலில் அதிகாரிகள் வந்து டிரம்மிலிருந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒரு பெண், ராக்கப்பன் மகள் வயதுதான் இருக்கும். சாக்கை விலக்கிக் கரைந்துகொண்டிருந்த பாளத்தைப் பார்த்தார்.

"இத யார் வாங்குனது?"

பாலகணேஷின் முகம் வெளிறிப்போயிற்று. அவன் வாயைத் திறப்பதற்குள் ராக்கப்பன் சொன்னார். "நான்தாம்மா வாங்கச் சொன்னேன்."

"மீனுக்குப் போடுற ஐஸ்ங்க இது. இத எந்தத் தண்ணியில உறைய வைக்கிறாங்கன்னு ஒரு நாளாவது போய்ப் பாத்தீங்களா? ஐஸா உறைஞ்சா கிருமி செத்துரும்னு நினைச்சீங்களா?"

அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். அவ்வளவு குளிரில் எது உயிரோடு இருக்கும் என்று.

அவர்கள் போனபிறகு முதல் வேலையாக ஃபிளெக்ஸின் கயிற்றை அறுத்தார். தங்கபாயின் முகம் மடங்கி மண்ணில் விழுந்தது. சுருட்டிப் பைக்கில் வைத்தார். 

இரண்டொரு நாளில் பெரும்பாலோர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று செய்தி வந்தது. ராக்கப்பனைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். மாரிச்செல்வி வந்து கூட இருந்தாள். 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சமைத்தாள், அவர் முன்னால் தட்டை வைத்தாள், ஆறியதும் எடுத்துக்கொண்டு போனாள்.

அப்போதுதான் பழக்கடைக்காரப் பெண் போன் பண்ணினாள். "அண்ணாச்சி, சொல்லாம இருக்க மனசு கேக்கல. வெள்ளரிப்பிஞ்சு இருளம்மா அன்னைக்கே போயிட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ளயே."

ராக்கப்பன் சட்டையை மாட்டினார். மாரிச்செல்வி வாசலை மறித்து நின்றாள்.

"அப்பா, கேஸ் இருக்கு. வக்கீல் எங்கயும் போகாதீகன்னு சொல்லிருக்காரு. இப்பப் போனா வெட்டிப்புடுவாங்க."

"வெட்டுனா வெட்டட்டும்" என்றார். அவள் விலகிக்கொண்டாள்.

வன்னியம்பட்டியில் கேட்டுக் கேட்டுப் போனார். தெருக்கோடியில் ஓட்டு வீடு. துக்கத்துக்குப் போட்ட பந்தலைப் பிரித்த இடத்தில் குழிகள் இன்னும் மூடவில்லை. முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருளம்மாளின் புருஷன் ஐயாதுரை தனியாக உட்கார்ந்திருந்தார். மொட்டையடித்த தலை. காட்டு வேலையில் உரமேறிய ஆள். ராக்கப்பனைப் பார்த்ததும் எழுந்து இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பஸ் ஸ்டாண்டுல இருந்தா வாரீக? உக்காருங்க. அவளுக்கு அங்கன நெறையப் பேரு பழக்கம்."

யாரென்று கேட்கவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி அவருக்குப் பழகிவிட்டதுபோல இருந்தது. கேட்காமலேயே பேச ஆரம்பித்தார்.

"அந்த மோருனாலதான்னு ஆபீசருமாரு வந்து சொல்லிட்டுப் போனாக. நான் அத ஒத்துக்கிடல அண்ணாச்சி. எம்புட்டுப் பேரு குடிச்சாக? எல்லாரும் எந்திரிச்சு நடக்காகள்ல?"

ராக்கப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"விடிஞ்சதும் ஆரம்பிச்சது. தண்ணியாப் போச்சு. தாகமா இருக்குன்னா, ஒரு செம்பு குடுத்தேன். குடிச்ச கையோட வாந்தி. பொறவு திரும்பவும் போச்சு. நான் என்ன நெனச்சேன்னா, உள்ள போனாத்தான வெளிய போகும்? 'செத்த நேரம் வயித்தக் காயப்போடுட்டி, தானா நின்னுரும்'னேன். எங்க வீட்டுல அப்படித்தான் செய்வாக. எங்களையெல்லாம் அப்படித்தான் வளத்தாக. அவ கேட்டுக்கிட்டே இருந்தா. ஒரு வாயி குடு, ஒரு வாயின்னு. எந்திரிக்க முடியாம தவந்து பானைகிட்டப் போகப் பாத்தா. நான் பானையத் தூக்கி வெளிய வச்சேன்."

முற்றத்தின் ஓரத்தில் அந்தப் பானை இன்னும் இருந்தது. கோழி ஒன்று அதன் விளிம்பில் ஏறி நின்று எட்டிப்பார்த்தது. ஐயாதுரை அதை விரட்டவில்லை.

"பொழுது ஏறுனதும் கேக்கத நிறுத்திட்டா. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? கொணமாயிருச்சு, தூங்குதான்னு நெனச்சேன். மாட்டுக்குத் தீவனம் போட்டுட்டு வந்து பாக்கேன், கண்ணு உள்ள போயிருச்சு. வெரலெல்லாம் நாள்கணக்கா தண்ணில ஊறுன மாதிரி சுருங்கிக் கெடந்துச்சு. ஆட்டோவுல ஏத்துனோம். வழியிலயே தல சாஞ்சிருச்சு. டாக்டரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. தண்ணி குடுத்தீங்களான்னு."

அவர் கையை விரித்துக் காட்டினார். "தண்ணிதான் அண்ணாச்சி. வேற ஒரு மருந்தும் இல்ல. உப்பும் சீனியும் போட்ட தண்ணி. நான் அதத்தான் தூக்கி வெளிய வச்சுட்டேன்."

ராக்கப்பனின் நெஞ்சிலிருந்து எதுவோ இறங்கியது. இத்தனை நாளாக மூச்சை அடைத்துக்கொண்டிருந்த ஒன்று. அப்படியானால் என் மோரால் மட்டும் இல்லை. இவர் தண்ணீர் கொடுத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். இவரே சொல்கிறார். எழுந்து இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு, யாரென்று தெரியாமலே போய்விடலாம். வழியும் திறந்துதான் கிடந்தது.

மூச்சு லேசானதை உணர்ந்த அந்தக் கணமே தன்மேல் அவருக்கு அப்படி ஓர் அருவருப்பு வந்தது. எதிரே இருந்த மனிதர் கையை விரித்தது விரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஐயாதுரை" என்றார் ராக்கப்பன். "அந்தப் பந்தல் நான் போட்டது. ஐஸு போடக்கூடாதுன்னு எம் மக சொன்னா. நான் கேக்கல. ரெண்டாவது டம்ளர் என் கண்ணு முன்னாலதான் குடிச்சாக. நீங்க தண்ணி குடுக்காதது பொறவு. அவுக படுத்தது என்னால."

ஐயாதுரை நிமிர்ந்து பார்த்தார். மெதுவாக எழுந்தார். ராக்கப்பனும் எழுந்து நின்றார். அடி விழும் என்றுதான் எதிர்பார்த்தார். சட்டையைப் பிடித்தது அந்தக் கை. கொத்தாகப் பிடித்தது. எதிர்வீட்டுப் பெண் வாசலுக்கு ஓடிவந்தாள். பிடித்த கை பிறகு தளர்ந்தது.

"தெனமும் வந்து ஒங்களப் பத்தித்தான் பேசுவா" என்றார் ஐயாதுரை.  "ஒரு அண்ணாச்சி பொண்டாட்டி பேர்ல மோரு ஊத்துதாரு, நீயும் இருக்கியேன்னு என்னச் சொல்லிக் காட்டுவா."

"எம்மேல பழியப் போடுங்க. கேஸுல நான் ஒத்துக்கிடுதேன்."

"போட்டுட்டா? நான் ராத்திரி தூங்கிருவேன்னு பாக்கீகளா? அவ தவந்து வந்தது எங் கண்ணுலதான நிக்குது, ஒங்க கண்ணுல இல்லியே."

 ஐயாதுரை நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"போங்க. போயிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன். இந்தப் பக்கம் வராதீக."

வழக்கில் ராக்கப்பன் எதையும் மறுக்கவில்லை. வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். ஐஸ் டிப்போவைச் சில வாரம் பூட்டிவைத்திருந்து பிறகு திறந்தார்கள். ஊரில் எந்த வீட்டிலாவது வயிற்றுப்போக்கு என்றால், "தங்கபாய் மாதிரியா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கேட்டவர்களில் பலருக்குத் தங்கபாய் யாரென்று தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போக வேண்டி வந்தால் ராக்கப்பன் ஊருக்கு வெளியே சுற்றிக்கொண்டு போனார். மாரிச்செல்வி சுந்தரபாண்டியத்திலிருந்து வந்து அடுக்களையில் ஒரு அண்டா வாங்கி வைத்தாள். பட்டறைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற தண்ணீரைக்கூட அவர் தினமும் தன் கையாலேயே காய்ச்சி ஆறவைத்து எடுத்துப்போனார். அதில் ஒரு ஆறுதலும் அவருக்குக் கிடைக்கவில்லை. செய்யாமலும் இருக்க முடியவில்லை.

மறுபடியும் வெயில் ஏறத் தொடங்கிய பங்குனியில், கருகிப்போன கிணற்று மோட்டார் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஐயாதுரை வந்து இறங்கினார். அவர் வேலை பார்க்கும் தோட்டத்தின் முதலாளி விலாசம் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார். யார் பட்டறை என்று தெரியாமல்தான் வந்தார். உள்ளே நுழைந்து ராக்கப்பனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

பாலகணேஷ் என்ன செய்வதென்று தெரியாமல் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். ராக்கப்பனே எழுந்துபோய் மோட்டாரை இறக்கினார். தனி ஆளாகத் தூக்க முடியவில்லை. ஐயாதுரை வந்து மறுபக்கம் பிடித்தார். இருவருமாக அதைக் கொண்டுபோய்க் கட்டையின்மேல் வைத்தார்கள். ஐயாதுரைக்கு மூச்சு வாங்கியது. கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது.

ராக்கப்பன் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினார். காய்ச்சி ஆறவைத்தது என்றோ குடியுங்கள் என்றோ சொல்ல அவருக்கு நா எழவில்லை.

ஐயாதுரை சொம்பை வாங்கினார். தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அண்ணாந்து முழுக்கக் குடித்துவிட்டு, சொம்பை மேஜையில் வைத்து, துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். துடைத்த துண்டை வெகுநேரம் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"காயில் முழுக்கப் போயிருச்சு" என்றார் ராக்கப்பன். "புதுசாக் கட்டணும்."

"பயிரு காயுது. என்னைக்கு வந்து எடுத்துக்கிட?"

"நாளைக்கு மத்தியானம்."

ஐயாதுரை தலையசைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார். ராக்கப்பன் கருகின கம்பியைப் பிடுங்கி எடுக்க உட்கார்ந்தார்.